நாலாவது படி

"ஒம்போது நிமிஷம்தான் இருந்துது தங்கச்சி. போட்டேன், மனசு கேக்கல, அழிச்சிட்டேன். ஒம்போது நிமிஷத்துல ஊரே பாத்துடுமா?"

சலவைக்கடை அக்கா இதை என்னிடம் நாற்பது தடவையாவது கேட்டிருப்பாள். நானும் நாற்பது தடவை, "விடுக்கா" என்றேன். விடக்கூடிய விஷயமாக இருந்தால் அவளே விட்டிருக்க மாட்டாளா? சொல்ல ஒன்றும் இல்லாதபோது எல்லோரும் சொல்வதை நானும் சொன்னேன், அவ்வளவுதான்.

என் ஜெராக்ஸ் கடைக்கும் அவர்கள் கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் இஸ்திரிப் பெட்டி ஆவி விட்டால் இந்தப் பக்கம் என் காகிதம் நமுத்துப்போகும். நமுத்த காகிதம் மெஷினுக்குள் மடங்கிச் சிக்கிக்கொள்ளும். நான் தடுப்பில் நாலு தட்டு தட்டுவேன். "கொஞ்சம் பொறுத்துக்கம்மா, இந்த ஒரு சட்டைதான்" என்பார் அக்காவின் வீட்டுக்காரர். அந்த ஒரு சட்டை எட்டு வருஷமாக முடியவில்லை. இருந்தாலும் அவர்கள் வெளியே போனால் மடித்த மூட்டைகளை என்னிடம்தான் வைத்துவிட்டுப் போவார்கள். வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுப்பேன். அப்படித்தான் எனக்குச் சில வீடுகளின் மார்க் பழகியது.

மார்க் என்பது அக்கா துணியின் ஓரத்தில் போடும் அடையாளம். ஒரு வீட்டுக்கு மூன்று புள்ளி, இன்னொன்றுக்குக் கூடை, இன்னொன்றுக்கு மீன். போகாத கறுப்பு மை, ஒரு விரல் நீளம். பெயர் மட்டும் எழுத மாட்டாள். "பேரு எழுதினா, யார் வீட்டு உள்பாவாடை கிழிஞ்சிருக்குன்னு கொடியில பாக்குறவன் எல்லாம் படிச்சிட்டுப் போவான்" என்பாள். எந்த வீட்டில் யாருக்குச் சிரங்கு, எந்தப் புருஷன் கூடத்தில் படுக்கிறான், எல்லாம் அவளுக்குத் தெரியும். எட்டு வருஷத்தில் ஒரு வார்த்தை என்னிடம் சொன்னதில்லை. நான் கிண்டிப் பார்த்திருக்கிறேன். "உன் வேலையைப் பாரு" என்றுவிடுவாள்.

அப்படிப்பட்டவளா இதைச் செய்தாள் என்றால், மழையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அதற்குள் பதினோரு நாளாக விடாத மழை. ஒன்பதாவது நாள் உலர்த்தும் மெஷின் நின்றுவிட்டது. பழுது பார்ப்பவன் நாளைக்கு நாளைக்கு என்றான். கடைக்குப் பின்னால் அவர்கள் குடியிருக்கும் ஒரே அறையில் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டி, ஊர்த் துணியெல்லாம் தொங்கியது. யாரோ ஒருவரின் கால்சட்டை தலையில் சொட்டச் சொட்டப் புருஷனும் பெண்டாட்டியும் கீழே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். காயாத துணியை இஸ்திரி போட்டே காயவைத்ததில் அவருக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது. அக்காவுக்குச் சோப்பில் ஊறி விரலிடுக்கெல்லாம் வெடிப்பு.

அந்த நிலைமையில் காலையில் ஒரு மூட்டையைப் பிரித்தாள். மேலாக ஒரு படுக்கை விரிப்பு. நடுவில் அகலமாக ஈரம், மஞ்சளாக ஓரம் கட்டியிருந்தது. நாற்றம் என் கடை வரைக்கும் வந்தது. ஒரு வாளித் தண்ணீரில் முக்கி எடுத்திருந்தால்கூடப் போதும். அதைக்கூடச் செய்யாமல் சுருட்டி அனுப்பியிருந்தார்கள்.

அக்கா விரிப்பின் மார்க் முனையைப் பிடித்துத் தூக்கினாள். எந்தத் துணியானாலும் அவள் கை முதலில் மார்க் இருக்கிற முனைக்குத்தான் போகும். இன்னொரு கையால் போட்டோ எடுத்து, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டாள். படத்தின் மேலேயே எழுதினாள்: "ஒரு தடவை தண்ணியில அலசிக் குடுத்தா கை தேஞ்சிடுமா? நாங்களும் மனுஷங்கதான்." அக்கா தங்கை, நாத்தனார், இப்படிச் சொந்தக்காரர்கள் ஆறு பேருக்கு மட்டும் தெரிகிற மாதிரி வைத்தாள். பெயர் இல்லை, வீடு இல்லை, முகம் இல்லை. மார்க் ஒன்று இருந்தது. அதைத் தினம் ஆயிரம் தடவை பார்க்கிறவளுக்கு அது கண்ணில் படவில்லை.

ஒன்பது நிமிஷத்தில் ஏன் அழித்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அழித்துவிட்டாள். ஆனால் அதற்குள் நாத்தனார் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டாள்.

மறுநாள் பத்து மணிக்குத் தெருமுனைப் பேக்கரிக்காரி என் கடைக்கு வந்தாள். கையில் குடை, வாயில் செய்தி. அவள் எப்போதும் அப்படித்தான்.

"பாத்தியா இதை? உன் பக்கத்துக் கடை லட்சணத்தை?"

போனை நீட்டினாள். படத்தைப் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். இரண்டு விரலை வைத்துப் பெரிதாக்கினேன். எழுத்துக்கு மேலே கறுப்பாக ஏணி, மூன்று படி.

"மூணு படி ஏணி. இது விசிலோட மார்க்குல்ல?"

சொல்லிவிட்டேன். என் வாயில் கொள்ளியை வைக்க. அந்தப் படத்தில் பெயர் இல்லை என்று சொன்னேன் இல்லையா, பெயர் வைத்தவள் நான்தான்.

விசில் என்பவர் எதிர்க் கட்டடத்தின் தரைத்தளத்தில் குடியிருக்கிறார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போனாலும் விசில் கழுத்தை விட்டுப் போகவில்லை. குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் வேறு. குப்பையை மூடாமல் வைத்தால் விசில். வண்டியைக் குறுக்கே நிறுத்தினால் விசில். கேட்டுக்குள் யாரும் சைக்கிள் ஓட்டக் கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். மூன்றாவது மாடிக்குப் புதிதாக வந்த தாயும் மகளும் இருக்கிறார்களே, அந்தப் பதினோரு வயசுப் பெண் மட்டும் பெல்லை அடித்துக்கொண்டே அவர் மூக்குக்கு முன்னால் ஓட்டிக்கொண்டு போவாள். என் கடைப் பலகை நடைபாதையில் நாலு விரல் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று என்னைப் பத்துப் பேருக்கு முன்னால் திட்டியவர் அவர். ஒரு தடவை அந்த மூன்றாம் மாடி மூட்டை மாறி அவர் வீட்டுக்குப் போய்விட்டது. தலையணை உறையைத் தூக்கிப் பிடித்து அதில் இருந்த மார்க்கை விரலால் சுட்டிக் காட்டிக்கொண்டு, "நான் என்ன முயல் படம் போட்ட தலகாணியிலயா படுக்குறேன்?" என்று தெருவே கேட்கக் கத்தினார். யாருக்கும் அவரைப் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது. அதனால்தான் என் வாய் அவ்வளவு சுலபமாகத் திறந்தது.

மத்தியானத்துக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. அவர் விசில் ஊதினால் மாடியிலிருந்து பையன்கள் 'உஸ்ஸ்' என்றார்கள். பெரியவர்களும் சிரித்தார்கள்.

சிரித்தவர்களே சாயங்காலம் சலவைக்கடைக்கு வந்து துணியைத் திருப்பிக் கேட்டார்கள்.

"இன்னும் காயலைங்க."

"பரவால்ல, ஈரமாவே குடுங்க."

கொட்டுகிற மழையில் ஈரத் துணியைப் பிளாஸ்டிக் பையில் அடைத்து வாங்கிக்கொண்டு போனார்கள். பட்டனுக்குக் கொடுத்த சட்டை, கறைக்குக் கொடுத்த சேலை, எல்லாம் போனது. பின்னறைக் கயிறுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. மெஷின் பழுது பார்ப்பவன் அன்றைக்குத்தான் வந்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அவனைத்தான் திட்டினேன்.

நாத்தனாரை அக்கா கூப்பிட்டு விசாரித்ததைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டேன். கேட்காமல் இருக்க முடியாது, அவ்வளவு மெல்லிய பலகை.

"எதுக்கும்மா அனுப்பின?"

"ஒருத்திக்குத்தான் அண்ணி அனுப்பினேன்."

"ஒருத்தியோ ஒம்போது பேரோ, எதுக்கு அனுப்பின?"

"உங்க கஷ்டத்தைச் சொல்லத்தான். எங்க அண்ணி எப்படிப்பட்ட துணியெல்லாம் தொவைக்கிறாங்க பாருன்னு, பரிதாபப்பட்டு அனுப்பினேன். பேக்கரிக்காரி இப்படிப் பண்ணுவான்னு நான் கண்டேனா?"

"நான் அழிச்சதை நீ எதுக்குடி வச்சிருந்த?"

"நீங்க அழிப்பீங்கன்னு எனக்கு எப்படி அண்ணி தெரியும்? அழிக்கிறதா இருந்தா போட்டிருக்கவே கூடாது."

வாளி ஒன்று உருளுகிற சத்தம் கேட்டது. "என் தங்கச்சிகிட்ட கத்தி என்ன ஆகப்போவுது?" என்றார் வீட்டுக்காரர். "ஆமா, உங்க தங்கச்சி பரிதாபப்பட்டுட்டாங்க. வயிறு நெறஞ்சிடுச்சு!" என்றாள் அக்கா.

மூன்றாம் நாள் விசில் நேரிலேயே வந்தார். பேக்கரிக்காரி, நான், இன்னும் நாலைந்து பேர் வாசலில் நின்றோம்.

"அது என் விரிப்பு இல்ல. உனக்கே தெரியும். சொல்லும்மா இவங்ககிட்ட."

"சாருது இல்லைங்க" என்றாள் அக்கா.

"கேட்டீங்களா?"

"அப்ப யாருது?" என்றாள் பேக்கரிக்காரி.

அக்கா கையிலிருந்த துண்டை மடிக்க ஆரம்பித்தாள்.

"சொல்லும்மா, யாருது?" என்று அவரும் கேட்டார்.

"சொல்ல மாட்டேன் சார்."

"என் மானம் போவுது!"

"உங்களுது இல்லைன்னு சொல்லிட்டேன். அதுக்கு மேல என்கிட்ட கேக்காதீங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பாவம், வாடிக்கையாளருக்காகப் பொய் சொல்கிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் முகம் செத்துப்போய்விட்டது. விசிலைக் கையில் பிடித்துக்கொண்டே, ஊதாமல் போனார்.

ஐந்தாம் நாள் காலையில் அக்கா வெளியே போயிருந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் என் கடைக்குள் வந்தார். கையில் அவள் போன்.

"இதைக் கலர்ல பெரிசா ஒண்ணு போட்டுக் குடும்மா. ஸ்டேட்டஸ்தான் அழிஞ்சுது, எடுத்த போட்டோ அப்படியே கெடக்கு. இதைக் கதவுல ஒட்டிட்டா எல்லாம் முடிஞ்சுது. எதிர்வீட்டு சார்தான் யோசனை சொன்னாரு. அவரும் வர்றாரு."

"போட்டோ ஒட்டி என்ன ஆகும்?"

"பாரு, தெரியும்."

வாங்கிப் பார்த்தேன். அதே விரிப்பு, அதே முனை. ஆனால் எழுத்து இல்லை. எழுத்து இருந்த இடத்தில் ஏணி இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று. அதற்குக் கீழே இன்னொரு படி.

"நாலு" என்றேன்.

"நாலுதான். அவருக்கு மூணு, அந்த வீட்டுக்கு நாலு. ஸ்டேட்டஸ்ல இவ எழுதின எழுத்து கடைசிப் படியை மறைச்சிடுச்சு."

எந்த வீடு என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் முயல் தலையணை ஞாபகம் வந்துவிட்டது. அந்த மூட்டைதானே விசில் வீட்டுக்கு மாறிப் போனது? ஏணியும் ஏணியும் குழம்பித்தானே போயிருக்கும்? ஆனால் அக்காவின் வீட்டுக்காரர் அவசரப்படுத்தினார், நானும் பழக்கதோஷத்தில் பட்டனைத் தட்டிவிட்டேன். மெஷின் உறுமியது.

ஈரக் கையோடு அக்கா ஓடி வந்தாள். "எங்க என் போனு? என்ன பண்றீங்க இங்க?"

"கடையைக் காப்பாத்துறேன். இருக்கறது இது ஒண்ணுதான் நமக்கு. அந்த வீட்டுக்காரங்க வேற சலவைக்கடை பாத்துக்கட்டும்."

"அது சின்னப் பொண்ணுங்க!" அக்கா குரலை இறக்கினாள். "ஸ்டேட்டஸ் போட்டுட்டு அடுத்ததா அந்தத் தலகாணி உறையை உதறினேன். உள்ளேருந்து தலை கிளிப்பு விழுந்துது. பொடிசு, மஞ்சக் கலரு. அப்பத்தான் புரிஞ்சுது, அவங்கம்மா வேலைக்குப் போனப்புறம் அது தானே சுருட்டி மூட்டையில ஒளிச்சு எடுத்தாந்து வச்சிருக்கு. அம்மாவுக்கே தெரியாது. அலச எங்க போவும் அது? நான் மனுஷின்னு எழுதினேனே, என் கையை ஒடைக்கணும். அதான் அழிச்சேன்."

"அதுக்கு? அந்தாளு மானம் போனா பரவால்லையா?"

"பரவால்லன்னு நான் சொன்னேனா? ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல. அவரைக் காப்பாத்தணும்னா இதைக் காட்டிக்குடுக்கணும், இதைக் காப்பாத்தணும்னா அவரு நாறணும். நான் என்னதான் பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க!"

அவர் வீங்கின மணிக்கட்டைத் தடவிக்கொண்டு நின்றார்.

"ஆன்ட்டி, ரெண்டு காப்பி."

மூன்று பேரும் திரும்பினோம். அந்த மூன்றாம் மாடிப் பெண்தான். வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, பள்ளிக்கூடத்துப் படிவத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. கண் என் முகத்துக்கு வரவில்லை, தரையிலேயே இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் விசில் உள்ளே வந்தார், பின்னாலேயே பேக்கரிக்காரி. இந்த வேடிக்கையை விடுவாளா அவள்?

"போட்டாச்சா? எடு, எல்லாருக்கும் காட்டுறேன். இன்னிக்கு ஒரு முடிவு தெரிஞ்சாகணும்."

மெஷின் பாதித் தாளைத் துப்பிவிட்டுச் சிக்கி நின்றிருந்தது. நமுத்த காகிதம். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அது சிக்கியதற்குச் சந்தோஷப்பட்டேன். "மாட்டிக்கிச்சு சார், வராது" என்றேன்.

"வராதாவது!" அவரே எட்டி இழுத்தார். தாள் கசங்கி, முழுசாகக் கையில் வந்துவிட்டது.

"சார், வேணாம் சார்" என்றாள் அக்கா.

அவர் கண்ணாடியை மாட்டினார். விரலை வைத்து எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. "பாத்தியா, நாலு" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார், நான் பார்த்தேன். அப்புறம் விரல் அந்த நாலாவது படியிலேயே நின்றுவிட்டது. முயல் உறையைத் தூக்கிப் பிடித்துக் கத்தியவருக்கு அந்த மார்க் மறந்திருக்காது. மெதுவாகத் தலையைத் திருப்பினார். அந்தப் பெண் படிவத்தை முகம் வரைக்கும் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"என்ன சார், யாருதுன்னு தெரிஞ்சுதா?" என்று எட்டிப் பார்த்தாள் பேக்கரிக்காரி.

அவர் தாளை மடித்தார். இன்னொரு தடவை மடித்தார். சட்டைப் பையில், விசிலுக்குப் பின்னால் செருகிக்கொண்டார்.

"தெரிஞ்சுது. என்னுதுதான்."

"அப்ப இத்தனை நாளா இல்ல இல்லன்னு..."

"வயசாச்சு, மறந்துட்டேன். ஆபரேஷன் பண்ண உடம்பு. வேற என்ன தெரியணும் உனக்கு? ஓரமா நில்லு, வழியை மறைச்சுக்கிட்டு!"

பேக்கரிக்காரிக்கு வாயெல்லாம் பல். அந்தச் செய்தியைச் சுமந்துகொண்டு மழையில் ஓடினாள். அவர் அக்கா பக்கம் திரும்பி, அதே கண்டக்டர் குரலில், "இனிமே அலசித்தான் அனுப்புவேன். போதுமா?" என்றார். அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பெண்ணை விசில் அதற்கப்புறம் பார்க்கவே இல்லை. குடையை விரித்துக்கொண்டு தெருவில் இறங்கிப் போனார்.

நான் படிவத்தை வாங்கி இரண்டு காப்பி போட்டேன். இரண்டும் சிக்காமல் வந்தன. அவள் வாங்கிக்கொண்டு போனாள்.

படத்துக்குப் பெயர் வைத்தது நான்தான் என்று அக்காவிடம் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அவளோ இன்னும் பேக்கரிக்காரியைத்தான் சபித்துக்கொண்டிருக்கிறாள். நானும் சேர்ந்து சபிக்கிறேன். போன துணிகளில் பாதி திரும்பி வந்துவிட்டன. விசில் தன் மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு வருகிறார், தெரு பார்க்கட்டும் என்கிற மாதிரி நடுத்தெருவில்.

கடையில் அது நடந்த மறுநாள் காலை மழை விட்டிருந்தது. எட்டு மணிக்கு அவர் கேட்டருகே வந்து நின்று விசில் ஊதினார். மாடியில் பையன்கள் 'உஸ்ஸ்' என்றார்கள். ஒரு வண்டிக்காரன் சிரித்துக்கொண்டே குறுக்கே நிறுத்திவிட்டுப் போனான். யாரும் அவரை மதிக்கவில்லை. மூன்றாவது மாடிப் பெண் மட்டும் உள்ளேயிருந்து ஓட்டிக்கொண்டு வந்தவள், அவரைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கினாள். பெல் அடிக்கவில்லை. கேட்டைத் தாண்டுகிற வரைக்கும் தள்ளிக்கொண்டே போனாள்.